மீன்தொட்டிக்கு ஒரு மரக்கூரை

நாலடி உப்புத்தண்ணி மீன்தொட்டிக்கு மரத்துல கூரை மாதிரி மூடி செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை மக்களே. படம் நானே போட்டேன், இஞ்சினியராச்சே! ஆசாரி பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "சூடு எந்தப் பக்கமா வெளிய போகும் தம்பி?"

"ஓட்டை போட்டா அழகு போயிடும்ணே, அடைச்சே செய்ங்க."

710 தர பிளைவுட், எஸ்.எஸ். ஸ்க்ரூன்னு கச்சிதமா முடிச்சுக் குடுத்தார். மூணாம் நாள் தண்ணி 31 டிகிரி. கோமாளி மீன் ரெண்டும் மேல வந்து மூச்சு வாங்குது. சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவாத்தான் கரையும்னு பரீட்சையில எழுதினவன் நான். பவளம் ஒண்ணு வெளுத்தே போச்சு.

ஃபோன் பண்ணினதும் ஆசாரி வந்து பின்பக்கம் ரெண்டு ஓட்டை போட்டு, என் பழைய கம்ப்யூட்டர் ஃபேனை மாட்டிவிட்டார். சாயங்காலம் 27.

"அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.