ரிச்சி தெருவில் ஒரு காதுகுத்து

மெட்ரோ ஸ்டேஷனில் என் பை எக்ஸ்ரே மெஷினுக்குள் போய் வந்ததும் செக்யூரிட்டி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உள்ளே என்ன சார், உருண்டையா ரெண்டு? காந்தம், ஒயரெல்லாம் தெரியுது?”

“ட்வீட்டர். ஸ்பீக்கர் பெட்டியில மேலே சின்னதா இருக்குமே, அது. கீச்சுக் குரல் சமாசாரமெல்லாம் அதுலதான் வரும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அனுப்பினார். எங்கள் ஜாதிக்கு இதெல்லாம் பழகிப்போன மரியாதை. நான் ஓர் ஆடியோஃபைல்.

இதைச் சொன்னபோது எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட், “அது எந்த செக்‌ஷன் ஃபைல்?” என்று கேட்டார். அந்த ஃபைல் இல்லை சார். கிரேக்க மொழியிலிருந்து வந்த வார்த்தை. பிரியன் என்று அர்த்தம். சாப்பாட்டுப் பிரியன் மாதிரி சத்தப் பிரியன். எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். இவன் மட்டும் பாட்டில் ஜால்ரா இடது பக்கமா, வலது பக்கமா என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

எனக்கு இந்த வியாதி பத்து வயதில் தொற்றியது. 1978-ல் இளையராஜாவின் ‘ப்ரியா’ பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தன. பக்கத்து வீட்டில் ரெண்டு பெட்டிக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன். எழுந்து வர மனசில்லை. இன்னும் எழுந்திருக்கவில்லை என்பாள் என் மனைவி.

எங்கள் ஹாலில் ரெண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. மூன்றும் சம பக்க முக்கோணத்தில் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் நட்டநடுவில் நிற்பார். ஓரடி தள்ளி உட்கார்ந்தால் அவரும் தள்ளிப் போய்விடுவார். அதனால் அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். “பூஜை ரூம்ல கூட இவ்வளவு ஆசாரம் கிடையாது” என்பாள்.

ஆறு மாதமாக அந்த முக்கோணத்தில் ஏதோ கோளாறு. சலங்கை மங்கிவிட்டது. ஜால்ராவுக்குப் பளபளப்பு போய்விட்டது. முதலில் ஸ்பீக்கர் கேபிளை மாற்றினேன். விலை நாலாயிரம். வீட்டில் நானூறு என்று சொன்னேன். பலனில்லை. ட்வீட்டர்தான் போய்விட்டது என்று கழற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. நடப்பது என்பது சும்மா பேச்சுக்கு; பைக்குகளும் அட்டைப்பெட்டிகளும் இடம் விட்டால் நகரலாம். ஒரு காலத்தில் ஃபாரின் செட் வாங்க வசதியில்லாத சத்தப் பிரியர்களுக்கு இதுதான் காசி. போர்டு ஒரு கடை, டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கடை, வெறும் பெட்டி ஒரு கடை என்று வாங்கிப்போய், கையைச் சுட்டுக்கொண்டு சால்டர் பண்ணி, “அசெம்பிள்டு செட்டுப்பா!” என்று தெருவையே கூட்டுவார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் சிசிடிவி காமிராவும் செல்போன் கவரும்தான் எங்கே பார்த்தாலும். இருந்தாலும் குறுகலான மாடிப்படி ஏறினால் பழைய பாய் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

பாய் மீட்டரை வைத்துப் பார்த்தார். “காயில் நல்லாத்தானே இருக்கு?”

“இல்ல பாய், மேல் சத்தமே வரலை.”

ஒரு கெபாசிட்டரைச் சேர்த்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். செல்போனில் ஏதோ தட்டி, “எட்டாயிரம் ஹெர்ட்ஸ்” என்றார். காதைக் கிழித்தது. பத்தாயிரம்: கொசு மாதிரி மெல்லிய ரீங்காரம். பன்னிரண்டாயிரம்: நிசப்தம்.

“பாத்தீங்களா, போச்சு!” என்றேன், ஜெயித்த குரலில்.

மூலையில் சால்டரிங் பண்ணிக்கொண்டிருந்த பையன் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டான். “அண்ணே, நிறுத்துங்கண்ணே! குடையுது!”

பாய் பதிமூன்று வைத்தார். பதினாலு வைத்தார். எனக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பையன் முகம் கோணிக்கொண்டே போனது.

“ட்வீட்டர் ஜோரா இருக்கு சார். வயசு என்ன?”

“அம்பத்தேழு.”

“அதான். எனக்கு எட்டாயிரத்தோட சரி.”

மனிதக் காதுக்கு 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அது இளங்காதுக்கு. உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் இருக்கும் மயிர்ச்செல்கள்தான் மேல் சத்தங்களைப் பிடிப்பவை. முதலில் சாவதும் அவைதான். செத்தால் முளைக்காது. 1982-ல் வந்த சி.டி. 20,000 ஹெர்ட்ஸ் வரை தருகிறது. நானும் அதை நம்பித்தான் சம்பளத்தைக் கொட்டினேன். வாசலிலேயே கதவைச் சாத்தியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

“பயப்படாதீங்க” என்றார் பாய். “பியானோவோட கடைசிக் கட்டையே நாலாயிரத்துச் சொச்சம்தான். பாட்டு எங்கேயும் போகாது. பாலிஷ்தான் போயிருக்கு.”

காசு வாங்க மறுத்துவிட்டார். படி இறங்கும்போது மட்டும் சொன்னார்: “அந்த மெஷினுக்கு ரிச்சி தெருவுலயே பார்ட்ஸ் கிடையாது சார். சவுண்டைக் குறைச்சு வெச்சு ஓட்டுங்க.”

கீழே டீ குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு தம்பி காதில் ஹெட்ஃபோன். அவன் கேட்கும் பாட்டு எனக்கே கேட்டது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது. சத்தம் ஏற ஏற நேரம் குறையும். சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அவனுக்கு எப்படிக் கேட்கும்?

வீட்டுக்கு வந்து ட்வீட்டரை மாட்டினேன். காலேஜில் படிக்கும் மகளைக் கூப்பிட்டு, “நாற்காலியில உட்காரு” என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இசைத்தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

“என்னென்ன கேக்குதுன்னு சொல்லு.”

கண்ணை மூடிக்கொண்டாள். “வலது பக்கம் சின்னதா, ஜிலுஜிலுன்னு ஒண்ணு... நிக்கவே மாட்டேங்குதே, அது என்னப்பா?”

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது இருக்கிறது. அவ்வளவு போதுமாக இருந்தது.

மனசு லேசானதில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். “அந்தக் கேபிள் நானூறு இல்லை. நாலாயிரம்.”

“தெரியும்” என்றாள். “அன்னிக்குக் கடைக்காரன் ஃபோன்ல சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுது.”