இரண்டு ஊர்க் கணக்கு

மதுரைக்கு மேற்கே ஒரே கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் இரண்டு ஊர்கள். ஒன்றைச் சேர்ந்த இளைஞன் மீது, அப்போதிருந்த குற்ற விசாரணை முறைச் சட்டம் 110-வது பிரிவில், கோட்டாட்சியர் முன் நன்னடத்தைப் பிணை கேட்டிருந்தது காவல்துறை. வழக்கமாகக் குற்றம் செய்பவன் என்று முடிவானால் மூன்றாண்டு வரைக்கும் பிணைப்பத்திரம். பிணை கொடுக்க முடியாவிட்டால் சிறை.

இந்த விசாரணையில் ஒருவனுக்கு ஊரில் உள்ள பெயரும் சாட்சியமாகும். 116(4) அதை அனுமதித்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "இவன் ஊர் களவுக்குப் பேர்போனது. பக்கத்து ஊரைவிட வழக்கு பல மடங்கு" என்றார். அந்தப் பையன் மீது தண்டனையில் முடிந்த வழக்கு ஒன்றுகூட இல்லை.

அவன் வழக்கறிஞரான எனக்குக் கோபம் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றவாளியாக எழுதிவைத்த ரேகைச் சட்டம் நடமாடிய மண் இது. கைரேகை வைக்க மறுத்தவர்கள் மீது பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1920 ஏப்ரல் 3. சட்டம் போய்விட்டது, பேச்சு போகவில்லை.

குறுக்கு விசாரணைக்கு முன் வழக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பெரும்பாலானவை யாரும் புகார் கொடுத்து வந்தவையல்ல. 151-ல் முன்னெச்சரிக்கைக் கைது, 107-ல் அமைதிப் பிணை, மதுவிலக்கு வழக்கு. எல்லாம் போலீஸ் தானே போட்டவை. ரோந்து போகிற ஊரில் வழக்கு கூடத்தான் செய்யும். "பக்கத்து ஊருக்கு எப்போது ரோந்து போனீர்கள்?" என்றேன். இன்ஸ்பெக்டர் ஏட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்து ஊரிலும் களவு இல்லாமல் இல்லை. ஆடு காணாமல் போனால் பெரியவர்கள் காதில் போடுவார்கள். துப்புக்கூலி பேசுவார்கள். பணம் கைமாறினால், விடியும்போது ஆடு கரையோரக் கருவேல மரத்தில் கட்டிக்கிடக்கும். நிலையம் வரை போன புகார்களும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்று, 'சமாதானம்' என்று முடிந்திருந்தன. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கும் பதிவான வழக்கைத்தான் எண்ணுகிறது, எஃப்.ஐ.ஆர். போடாத களவு அதில் ஏறாது. வழக்கு குறைந்த ஊரைப் பாதுகாப்பான ஊர் என்று யாராவது சொன்னால், அங்கே ஏழைக்குப் புகார் கொடுக்க வழியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அந்த ஊர் மூதாட்டி ஒருவரை எங்கள் தரப்புச் சாட்சியாக ஏற்றினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "மூணு ஆடு போச்சு சாமி. துப்புக்கூலி குடுக்கக் காசில்ல. ஸ்டேசனுக்குப் போறேன்னேன், ஊர் பேரு கெட்டுப்போகும்னு தடுத்துட்டாக."

கோட்டாட்சியர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

நடவடிக்கை கைவிடப்பட்டது. பையன் அன்று மாலையே வேலைக்குக் கிளம்பிப் போனான். மூதாட்டியின் புகாரை, லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னதைக் குறிப்பிட்டு, நானே எழுதிக் கொடுத்தேன். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. இழுத்தடித்தார்கள், நான் விடவில்லை. கடைசியில் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 379-ல் வழக்குப் பதிந்து, நகலை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.