சீரம் மறைத்தவை

மறுநாள் செல்களுக்கு ஊட்டக் கரைசலை (மீடியாவை) மாற்ற வேண்டுமென்றால், முந்தைய இரவே மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து சீரம் பாட்டிலை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். அவசரத்தில் நேராக வெந்நீர்த் தொட்டியில் இறக்கினால் அடியில் வெள்ளையாகத் திரிதிரியாகப் படியும். பக்குவமாக இளகினால் காலையில் வெளிர்த் தேன் நிறத்தில் 500 மில்லி. செல் வளர்ப்புக் கூடங்களில் இதை எஃப்.பி.எஸ். என்போம். மீடியாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்தால் ஏறக்குறைய எந்தச் செல்லும் வளரும். சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இதைத்தான். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பாட்டிலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள்: "அக்கா, இதை எதுல இருந்து எடுக்கிறாங்க?"

பதில் தெரியும். சொல்ல நா எழவில்லை. இறைச்சிக்கூடத்தில் அறுத்த பசு சினையாக இருந்தால் கருப்பையைத் தனியே எடுப்பார்கள். உள்ளிருக்கும் கன்று மூன்று மாதத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் அதன் இதயத்தில் ஊசி ஏற்றி இரத்தத்தை வடிப்பார்கள். அதை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை நுண்வடிகட்டியில் வடித்தால் சீரம். எஃப்.பி.எஸ். என்பதன் விரிவே 'ஃபீட்டல் போவைன் சீரம்', கருக்கன்றின் சீரம். 2002இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர் என்றது. அதற்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கருக்கன்றுகள். அவற்றுக்கு வலி தெரியுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நான் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள். சினைமாட்டின் கழுநீரில் ஒரு கைப்பிடி தவிடு கூடுதலாகக் கரைப்பாள் என் பாட்டி. அன்று அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, இத்தனை ஆண்டுகள் இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

பிறக்காத கன்றை ஏன் தேடிப் போனார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. வளரும் உடலின் இரத்தத்தில் வளர்ச்சிக் காரணிகள் மிகுந்திருக்கும். மனிதர்களைப் போலன்றி, மாட்டில் நோயெதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குப் போவதில்லை. பிறந்தபின் சீம்பாலில்தான் போகின்றன. சீம்பால் குடிக்காத கன்றின் சீரத்தில் அவை மிகக் குறைவு என்பதால் செல்களுக்கு அது இதமானது. 1955இல் ஹாரி ஈகிள் என்ற ஆய்வாளர், ஒரு செல்லுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் உப்புகளையும் ஒவ்வொன்றாகக் கண்டு பட்டியலிட்டார். அவருடைய செல்களுக்கும் அதற்கு மேல் கொஞ்சம் சீரம் தேவைப்பட்டது. அந்தக் 'கொஞ்சம்' எங்கள் தொழிலில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

சீரத்தை விட வேண்டும் என்று எங்களை நெருக்கியது இரக்கம் மட்டுமல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) சீரம் போல இன்னொரு லாட் இருக்காது. எந்த மாடு, என்ன தின்றது, எந்தப் பருவம், எத்தனை மாதக் கன்று, எல்லாமே மாறும். மூன்று லாட்டிலிருந்து மாதிரி வாங்கிச் சோதித்து, பிடித்ததை மொத்தமாக ஒதுக்கிவைக்கச் சொல்வோம். ஒருமுறை அந்த லாட் தீர்ந்து வேறு லாட் வந்தது. தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள், நாங்கள் கேட்காமலே எலும்புச் செல்லாக மாறத் தொடங்கின. ஆறு மாத அளவீடுகள் வீண். எங்கள் கையில் பிழை தேடித் தேடி அலுத்த பிறகுதான் பாட்டிலைச் சந்தேகித்தோம்.

சீரத்தை விடும் முதல் முயற்சியில் தோற்றேன். மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை, கடையில் வாங்கிய சீரமில்லா மீடியாவுக்கு ஒரே நாளில் மாற்றினேன். மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அடித்தளத்தில் நீண்டு படுத்திருக்க வேண்டியவை உருண்டை உருண்டையாக மிதந்தன. மீடியாதான் சரியில்லை என்று முடிவுகட்டினேன். அந்த முடிவு தவறு. தவறியது என் பழக்கம்.

பழைய வழக்கப்படி செல்களை ட்ரிப்சின் ஊற்றிக் கிளப்பியிருந்தேன். அந்த நொதி புரதங்களை அறுத்துத்தான் செல்லைத் தளத்திலிருந்து விடுவிக்கும். வழக்கமாக அதன்மேல் சீரம் கலந்த மீடியாவை ஊற்றுவோம். சீரத்தில் இருக்கும் தடுப்புப் புரதங்கள் நொதியை அடக்கிவிடும். இத்தனை காலம் அதை நான் 'கழுவுதல்' என்றே நினைத்திருந்தேன். சீரமில்லாத குடுவையில் அடக்க ஆளில்லாமல், மிச்சமிருந்த ட்ரிப்சின் இரவு முழுக்கச் செல்களை அரித்திருக்கிறது. சோயாவிலிருந்து எடுக்கும் தடுப்புப் புரதத்தைச் சேர்த்து, ஒருமுறை சுழற்றி நீரை இறுத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தீர்ந்ததும் அடுத்தது. செல்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை. அவை பிளாஸ்டிக்கை நேரடியாகப் பிடிப்பதில்லை. சீரத்திலிருக்கும் விட்ரோனெக்டின், ஃபைப்ரோனெக்டின் போன்றவை முதலில் தளத்தில் பாய்போல் படிய, அதன்மேல் கால் ஊன்றுகின்றன. இனி அந்தப் பாயை நாமே விரிக்க வேண்டும். பிறகு ஆன்டிபயாடிக்: சீரப் புரதங்கள் அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்திருந்தன, அவை போனதும் அதே அளவு செல்களுக்கே நஞ்சாகிறது. தண்ணீரும் அப்படித்தான். அதிலுள்ள துளி உலோகத்தைக்கூடக் கட்டிப்போட்டிருந்த புரதம் இப்போது இல்லை. கடைசியில் என் கையும். பிப்பெட்டில் வேகமாக உறிஞ்சிப் பீய்ச்சும் பழக்கம் எனக்கு. சீரம் மெத்தைபோல் தாங்கியதால் அது தெரியாமல் இருந்தது. இருபது ஆண்டு பழகிய கைவேகத்தை, புதிதாகக் கற்பவளைப் போலக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சீரம் உணவு மட்டும் அல்ல. பூட்டு, பாய், மெத்தை, வடிகட்டி என நாங்கள் பெயரிடாத பத்து வேலைகளை அது செய்துவந்தது. எங்கள் கவனக்குறைவுகளையெல்லாம் சத்தமில்லாமல் ஈடுகட்டியும் வந்திருக்கிறது. அதற்கு மாற்று என்று இன்னொரு பாட்டிலைத் தேடும் வரை யாரும் தோற்கத்தான் செய்வார்கள்.

இந்த இடத்தில் செல் உயிரியலாளர் கோர்டன் சாட்டோவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. சீரம் என்ன சத்தைத் தருகிறது என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்க, அவர் அது ஹார்மோன்களைச் சுமந்து வருகிறது என்றார். ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் வேண்டியவை வேறு வேறு என்றார். 1976இல் அவரும் இசுமி ஹயாஷியும் எலியின் பிட்யூட்டரி செல்களைச் சீரமின்றி, ஹார்மோன்களையும் டிரான்ஸ்ஃபெரின் போன்ற புரதத்தையும் கொண்டே வளர்த்துக் காட்டினார்கள். இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் என்ற மூன்றும் சேர்ந்த குப்பி இன்று எல்லா ஆய்வகங்களிலும் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர் என்பதற்காக அமெரிக்காவின் மான்சனார் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர் சாட்டோ. பிற்காலத்தில் எரித்ரியாவின் வறண்ட கடற்கரைக்குப் போனார். நன்னீர் ஓடிவந்து கலக்கும் இடங்களில் மட்டும் அலையாத்தி மரங்கள் வளர்வதைப் பார்த்து, அந்த நீர் எதைக் கொண்டுவருகிறது என்று கேட்டார். நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு. அவற்றைச் செடிகளின் அடியில் கொடுத்து, வெறுங்கரையில் காடு எழுப்பினார். அந்தத் திட்டத்துக்கு அவர் வைத்த பெயர் மான்சனார். குடுவைக்கும் கடற்கரைக்கும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

ஸ்டெம் செல்களுக்குச் சீரத்துக்குப் பதிலாக நாங்கள் தேர்ந்தது மனிதத் தட்டணுச் சாறு. இரத்த வங்கியில் தட்டணுப் பைகளை 5 நாள்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் நோயாளிக்கு ஏற்றாவிட்டால் கழிவு. உரிய ஒப்புதல்களுடன் அந்தப் பைகளை வாங்கி, மைனஸ் 80இல் உறையவைத்து 37 டிகிரியில் இளக்கினால் தட்டணுக்கள் வெடித்துத் தம் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டிவிடும். பல கொடையாளர்களின் சாறு ஒன்றாகச் சேர்வதால் பைக்குப் பை உள்ள வேறுபாடும் தணியும். முதல் பாட்டிலை மீடியாவில் கலந்து இன்குபேட்டரில் வைத்தோம். மறுநாள் எடுத்தால் குடுவைக்குள் எல்லாம் இளநுங்கு போல உறைந்து நின்றது. சாற்றில் ஃபைப்ரினோஜன், மீடியாவில் கால்சியம். இரத்தம் உறைவதற்கு வேறென்ன வேண்டும்? உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்ததும் சரியானது. ஆனால் அந்த ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருவது. மாட்டை விட்டுப் பன்றியிடம் போய் நின்றோம். இப்போது சாற்றை முதலில் வேண்டுமென்றே உறையவிட்டு, கட்டியை நீக்கிய பிறகே பயன்படுத்துகிறோம்.

இப்படி ஒன்றை விட்டால் இன்னொன்றின் மூலம் தெரியவருகிறது. பலர் செல் ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் மேட்ரிஜெல் எலிக் கட்டியிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டிலும் பாக்டீரியாவிலும் செய்த புரதங்களுக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் விலை கையைக் கடிக்கிறது. எஃப்.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சிக் காரணி 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். அதை நம்பி வாழும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது வந்து மீடியா மாற்ற வேண்டும். அந்த முறைகளை மாணவர்களும் நானும் பங்கிட்டுக்கொள்கிறோம். தாமதம் எங்களுக்கு மட்டுமல்ல. சிங்கப்பூரில் 2020இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற ஆய்வகக் கோழியிறைச்சியும் முதலில் சீரத்தில்தான் வளர்ந்தது. சீரமில்லாத முறைக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2023இல். அந்தச் செய்தியைப் படித்தபோது, நமக்கும் இவ்வளவு நாள் ஆனது நியாயம்தான் என்று மனம் ஆறியது.

ஃபைப்ரோபிளாஸ்டுகளுக்குச் சீரத்தை இப்போது 10, 5, 2.5, 1 சதவீதம் எனப் படிப்படியாக இறக்குகிறோம். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பாசேஜ், அதாவது செல்களைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவது. 1 சதவீதத்துக்குக் கீழே போகும்போது சில நாள் வளர்ச்சி மந்தமாகும். அப்போது பயந்து சீரத்தைக் கூட்டாமல் இருப்பதுதான் கடினம். கல்லீரல் செல்கள் 2 சதவீதத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கு என்ன குறைகிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

திரவ நைட்ரஜன் தொட்டியில் நான் முதல் ஆண்டுகளில் உறையவைத்த குப்பிகள் இருக்கின்றன. ஒன்பது பங்கு சீரம், உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. ஒரு பங்கு. அன்று கேள்வி கேட்ட மாணவிதான் வரும் திங்கட்கிழமை அவற்றில் முதல் குப்பியை எழுப்பப் போகிறாள். முதல் இரண்டு பாசேஜுக்குப் பழைய சீரம் வேண்டும். அதற்கென்று ஃப்ரீசரில் அரைப் பாட்டில் வைத்திருக்கிறோம். ஞாயிறு இரவு அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைக்க வேண்டும்.