மூன்று தொட்டிகள்

வீட்டில் மீன் வளர்ப்பது என்றால், தொட்டியில் நீர் நிரப்பி, மீனை விட்டு, இருவேளை தீனி போடுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் நாம் வளர்ப்பது மீனை அன்று, நீரை. சென்னையில் என் வீட்டுக் கூடத்திலுள்ள மூன்று தொட்டிகளும் எனக்குக் கற்பித்த முதற்பாடம் இதுவே.

பெரியதில் தங்க மீன்கள். அடுத்ததில் நீர்ச்செடிகளுக்கிடையே சில கப்பி மீன்கள். சிறியதில் தனித்து வாழும் ஒரு ஃபைட்டர். யாவும் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் வாங்கியவை.

மீனின் செவுள் வழியே அம்மோனியா என்னும் நஞ்சு வெளியேறுகிறது. எஞ்சிய தீனி அழுகினாலும் அதே நஞ்சுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பளிங்கு போன்ற புதுநீரில் மீன்கள் மடிவதும், பாசி படர்ந்த பழைய தொட்டியில் துள்ளித் திரிவதும் இதனால்தான். தெளிவு வேறு, தூய்மை வேறு அன்றோ!

மகிழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஒரு விடியற்காலையில் கப்பித் தொட்டியின் செடிகளுக்கிடையே கடுகளவுக் கண்களோடு குஞ்சுகள் ஒளிந்திருக்கும். தாயே தின்றுவிடக்கூடும் என்பதால் அவற்றுக்கு அந்த மறைவிடம் வேண்டும். ஃபைட்டரோ, துணையே இல்லாதபோதும் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டிக் காத்திருக்கும்.

துன்பங்களும் வந்தன. ஒருமுறை தங்க மீன்களின் மேல் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. அந்நோயின் கிருமி மீனைவிட்டு விழுந்து, அடியில் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்துகிறது. நீந்தும் அவ்வேளையில் மட்டுமே மருந்து அதனைக் கொல்லும். ஆதலால் புள்ளிகள் மறைந்த பின்னும் மருத்துவம் தொடரவேண்டும். ஈர வலையும் ஈரக் கையும் போதும், நோய் அடுத்த தொட்டிக்குக் குடிபெயர! சில நாள்களில் கப்பிகளுக்கும் அது வந்தது. இன்று ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை உண்டு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. எங்கள் தெருவில் நான்கு நாள்கள் மின்சாரம் இல்லை. காற்றுக் குழாய்கள் நின்றன. தங்க மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. தீனியை நிறுத்தினோம், குவளையில் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றைக் கலந்தோம். இரவெல்லாம் பிள்ளைகள் முறைவைத்து விழித்திருந்தும், ஐந்தில் இரண்டே பிழைத்தன. வெளிக்காற்றையும் சுவாசிக்கவல்ல உறுப்புடைய ஃபைட்டருக்கு ஒன்றும் நேரவில்லை.

மின்சாரம் வந்தபோது, பெரிய தொட்டியின் மூடிய வடிகட்டிக்குள் நுண்ணுயிர்கள் மூச்சின்றி மடிந்திருந்தன. கப்பித் தொட்டியின் பஞ்சோ நீரில் திறந்தே கிடந்ததால் அதில் உயிர் எஞ்சியிருந்தது. அதில் பாதியை அறுத்துத் தங்க மீன்களின் தொட்டியில் இட்டோம். சில நாள்களில் நீர் தேறியது. எஞ்சிய இரண்டும் தீனிக்கு வந்தன.

நோய் சென்ற அதே வழியில் உயிரும் திரும்பிச் சென்றது. ஒரே தொட்டி வைத்திருந்தால் நோய் பரவ இடமிருந்திராது. உதவி வரவும் இடமிருந்திராது.