அணைந்த கணப்பின் பின்னே

வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரை ஒரு முறை மனக்கண்ணால் வலம் வாருங்கள். கம்பளி ஆலைகளால் செழித்த நகரம் அது. மேடும் பள்ளமுமான தெருக்களில், ஆலைத் தொழிலாளர்களுக்காக மணற்கல்லால் எழுப்பப்பட்ட வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கூரைதோறும் புகைபோக்கிகள், அவற்றுள் பெரும்பாலானவை இன்று புகைவதில்லை.

முன்னாளில் அவ்வீடுகளுக்கு நிலக்கரிக் கணப்பே குளிர்காவல். பின்னர், கணப்பின் பின்புறச் சுவரினுள் ஓர் இரும்புக் கொதிகலனைப் பொருத்தும் வழக்கம் வந்தது. முன்னே எரியும் நெருப்பு அதிலுள்ள நீரையும் சூடாக்கும். அந்நீர் குழாய்வழி சென்று குளியலுக்கும் உதவும், மற்ற அறைகளுக்கும் வெப்பம் தரும். ஒரு நெருப்பில் இரு பயன்! 1952இல் லண்டனை மூடிய நச்சுப் பனிப்புகைக்குப் பின், 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1967 முதல் 1977 வரை, வடகடலின் இயற்கை எரிவாயுவுக்கு நாடு மாறிற்று. கரி ஓய்ந்தது, புதிய கொதிகலன் வேறோர் இடத்தில் அமர்ந்தது. பழையதோ, பல வீடுகளில் அகற்றப்படாமல் கணப்பின் பின்னேயே மறைந்து கிடக்கிறது.

கிடந்தால் என்ன கேடு என்பீர்கள். கேடு உண்டு. குழாய்களை வெட்டி அவற்றின் வாயை அடைத்துவிட்டால், அக்கொதிகலன் முற்றிலும் மூடிய பெட்டியாகிவிடும். வீட்டைப் புதிதாக வாங்கியவர், இதமாக இருக்குமென்று கணப்பில் விறகு மூட்டுகிறார். உள்ளே எஞ்சிய நீர் கொதிக்கிறது. ஆவியான நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியக்கூடியது. விரிய இடமில்லையேல் இரும்பையே பிளந்து வெடிக்கும். கணப்பின் முன் அமர்ந்திருப்போர் யார்? முதியோரும் குழந்தைகளும் அன்றோ! பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகமே இதுகுறித்து எச்சரித்துள்ளது.

ஆகவே, அதனை முற்றாகப் பெயர்த்தெடுப்பதே முதல் வழி. அது இயலாதெனில், தக்க வல்லுநரைக் கொண்டு நீரை வடித்து, ஆவி அடைபடாதவாறு கொதிகலனில் துளையிடச் செய்யலாம். எரிவாயுவில் இயங்கிய கருவியாயின், 2009 முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இடம்பெற்றவரே அதில் கைவைக்கலாம் என்பது சட்டம். இவற்றுள் ஒன்று முடியும்வரை அங்கே தீ மூட்டலாகாது.

உங்கள் மக்களோ உறவினரோ அந்நாட்டில் பழைய வீடு பார்க்கச் சென்றால், அறைகள் எத்தனை என்று கேட்குமுன், கணப்பின் பின்னே என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.