வேகத்துக்கு ஒரு திடல்

சென்னை மாநகரிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பெருந்தெரு யாழ்ப்பாணத்து யாத்திரிகர்களுக்கு நன்கு பழக்கமானது. ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் தரிசிக்கச் செல்வோர், வழியில் ஸ்ரீபெரும்பூதூரில் இறங்கி, இராமாநுசர் அவதரித்த தலத்தையும் வணங்கிச் செல்வதுண்டு. அவ்வூரை அடைவதற்குச் சற்று முன்னர் இருங்காட்டுக்கோட்டை என்றோர் ஊர் உள்ளது. தொழிற்சாலைகள் நிறைந்த அவ்விடத்தில் இறங்குவோர் நம்மவருள் மிகச் சிலரே. ஆயினும், வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றோர் ஒருமுறையேனும் காணவேண்டிய இடம் ஒன்று அங்கே உண்டு. அது மோட்டார் பந்தயத் திடல்.

போர் தந்த பாதைகள்

இத்திடலின் வரலாறு போர்க்காலத்தில் தொடங்குகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலெல்லாம் விமான ஓடுபாதைகளை விரைந்து அமைத்தனர். நமது பலாலியும், களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் அவ்வாறு தோன்றியவையே. போர் ஓய்ந்தபின், வெறுமையாய்க் கிடந்த ஓடுபாதைகள் வேகப் பிரியர்களின் கண்ணிற் பட்டன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரன் விமானத் தளத்தில் 1948ஆம் ஆண்டில் மோட்டார்ப் பந்தயம் நடைபெற்றது. சென்னையில் 1953ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போட்ஸ் கிளப் எனும் கழகம் தோன்றியது. சோழவரத்துப் பந்தயங்களைக் காண மக்கள் திரள் திரளாகச் சென்றனர். இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் கடல் கடந்து சென்று அவற்றிற் பங்குபற்றினர். கட்டுக்குருந்தையிலும் பந்தயங்கள் நடைபெற்றன. குண்டு வீச்சு விமானங்களுக்கென இட்ட பாதை இளைஞரின் விளையாட்டுக் களமாக மாறியமை, போரின் விளைவுகளுள் நாம் மகிழத்தக்க ஒரு சிலவற்றுள் ஒன்றெனலாம்.

விமான ஓடுபாதை நேராய் ஓடுவதற்கே ஏற்றது. வளைந்து திரும்பும் வித்தைக்கு வேறு களம் வேண்டும். ஆகவே அக்கழகத்தார் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் பெற்று, 1990ஆம் ஆண்டில் நிரந்தரத் திடல் ஒன்றைத் திறந்தனர். ஒரு சுற்று 3.7 கிலோமீற்றர் நீளமுடையது. பன்னிரண்டு வளைவுகள் கொண்டது. இப்பொழுது அது மெட்ராஸ் இன்ரர்நஷனல் சேர்க்கிற் எனும் பெயரால் வழங்குகின்றது.

பந்தயம் இல்லாத நாட்களிலும் இத்திடல் உறங்குவதில்லை. கட்டணம் செலுத்துவோர் தத்தம் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பழகுவதற்கெனச் சில நாட்களை ஒதுக்குகின்றனர். அந்நாட்களில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, பரிசும் இல்லை. சென்னையிற் பொறியியல் கற்கும் என் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய நாளொன்றில் என்னை அங்கே அழைத்துச் சென்றார்.

களைதலே முதற்பாடம்

அங்கே நான் கண்ட வண்டிகளுட் சில, பெருஞ் செல்வரின் பிள்ளைகள் கொணர்ந்தவை. அவற்றைப் பற்றிக் கூறுவதற்கு அதிகமில்லை. என் மாணவரின் நண்பரான சென்னை இளைஞர் ஒருவரின் வண்டியே என் உள்ளத்தைக் கவர்ந்தது. அது 2008ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த யமஹா ஆர்15 வகையின் பழைய வண்டி. ஏறக்குறைய 150 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய எஞ்சின். பல கை மாறிய பின்னர் குறைந்த விலைக்குக் கிடைத்ததாம். வீதியில் ஓடிய அவ்வண்டியைத் திடலுக்கேற்றதாக அவர் தம் கையாலேயே மாற்றியிருந்தார்.

“எஞ்சினுக்கு அதிக வலுவேற்றினீரோ?” என்று வினவினேன்.

“இல்லை ஐயா, எஞ்சினைத் தொடவேயில்லை. வேண்டாதவற்றைக் கழற்றினேன், வேண்டியவற்றை இறுக்கினேன். அவ்வளவே,” என்றார் அவர்.

அவர் கழற்றியவற்றின் பட்டியல் நீண்டது. முன்விளக்கு, திரும்புகைக் காட்டும் விளக்குகள், பக்கக் கண்ணாடிகள், இலக்கத் தகடு, ஹோர்ன், பின்னாலிருப்போர் கால் வைக்கும் மிதிகள், சேலை சிக்காதிருக்கப் பொருத்திய கம்பிக் காப்பு, தாங்குகால் ஆகிய யாவும் போயின. வண்டி வீழ்ந்தாற் கண்ணாடி உடைந்து பாதையிற் சிதறும். பின்னே வருபவரின் ரயரை அது கிழிக்கும். சாய்ந்து திரும்புகையில் தாங்குகால் தரையிற் பட்டால் வண்டியையே தூக்கி எறிந்துவிடும். பாரமும் சில கிலோ குறைகின்றது. பாரம் குறைந்த வண்டி விரைவில் வேகம் கொள்கின்றது. விரைவில் நிற்கவும் செய்கின்றது.

இனி இறுக்கியவற்றைக் காண்போம். ஒயில் வடிக்கும் ஆணியின் தலையில் நுண்ணிய துளையிட்டு, துருப்பிடியாத கம்பியை அதனூடு செலுத்தி, முறுக்கி, அருகிலுள்ளதோர் இடத்திற் கட்டியிருந்தார். அதிர்வினால் ஆணி தளர முயன்றால் அக்கம்பி அதனை இறுகும் திசையிலேயே இழுத்து நிறுத்தும். ஒயில் ஊற்றும் வாயின் மூடிக்கும் பிறேக்கைத் தாங்கும் ஆணிகளுக்கும் அவ்வாறே காவலிட்டிருந்தார். றேடியேற்றரிலிருந்த பச்சை நிறத் திரவத்தை வடித்துவிட்டு வெறும் நீரை நிரப்பியிருந்தார். அத்திரவத்திற் கலந்துள்ள கிளைக்கோல் பாதையிற் சிந்தினால் எண்ணெய்போல் வழுக்கும். நீரோ வெயிலில் உலர்ந்துவிடும். இவற்றுட் பல பின்னே வருபவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள் என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும்.

பணம் செலவிட்ட இடங்கள் இரண்டே: பிறேக்கும் ரயரும். வேகம் இருமடங்காகுமாயின் வண்டியின் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர். அச்சக்தி முழுவதையும் பிறேக் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும். பிறேக் திரவம் காலப்போக்கிற் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏறிய திரவம் கடுஞ் சூட்டிற் கொதித்து ஆவியானால், கைப்பிடியை எவ்வளவு அழுத்தினும் பயனில்லை. ஆகவே திரவத்தைப் புதிதாக மாற்றி, விரிந்து கொடுக்கும் பழைய றப்பர்க் குழாய்க்குப் பதிலாக உருக்கிழை பின்னிய குழாயைப் பூட்டியிருந்தார். ரயர் தரையைத் தொடும் இடமோ உள்ளங்கையளவினது. உயிர் முழுவதும் அந்த உள்ளங்கையிலேயே தங்கியிருக்கின்றது. பழைய ரயரின் பூ தேயாதிருப்பினும் வயதேற ஏற அது கடினமாகி, பிடிப்பை இழந்துவிடும்.

வண்டிக்குக் கொடுத்த பணத்தினும், தலைக்கவசம், தோலுடை, கையுறை, சப்பாத்து ஆகியவற்றுக்குத் தாம் கொடுத்தது அதிகம் என்றார் அந்த இளைஞர். “வண்டி உடைந்தால் வேறு வாங்கலாம், ஐயா,” என்று அவர் புன்னகையுடன் கூறியதிற் பொருள் முழுவதும் அடங்கியிருந்தது.

இவ்வாறு சிறு பொருளைக் கொண்டு பெருங் காரியம் ஆற்றுவது தமிழ் நாட்டுக்குப் புதியதன்று. கோயம்புத்தூர்க் கரிவரதன் என்பார் மாருதிக் காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை ஆக்கி, இளைஞர் பலருக்கு வழி திறந்தார். அவர் 1995ஆம் ஆண்டில் மறைந்தபின், அந்நகரத்துத் திடலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கொடியும் கட்டுப்பாடும்

பாதையில் இறங்குமுன் ஒவ்வொரு வண்டியும் சோதிக்கப்படுகின்றது. கொடிகளின் பொருள் விளக்கப்படுகின்றது. மஞ்சட் கொடி கண்டால் முன்னே ஆபத்து. எவரும் எவரையும் முந்துதல் கூடாது. செங்கொடி கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, மெதுவாகத் திரும்ப வேண்டும். வளைவுகள்தோறும் காவலர் நிற்கின்றனர். நோயாளர் வண்டி ஆயத்தமாய் நிற்கின்றது. எதிரே வரும் வாகனம் இல்லை, குறுக்கே ஓடும் மாடு இல்லை, பள்ளிவிட்டு வரும் குழந்தை இல்லை.

அவ்விளைஞர் வளைவொன்றிற் சாய்ந்து, முழங்கால் தரையை உரசுமாப்போல் திரும்பியதைக் கண்டபோது என் நெஞ்சு படபடத்தது. ஆயினும் அடுத்த சுற்றிலும் அதே இடத்திற் பிறேக் பிடித்து, அதே கோட்டில், அதே அளவிற் சாய்ந்தார். பலமுறை கண்டபின் ஒன்று புலனாயிற்று. அது துணிச்சலன்று, பயிற்சி.

மாலையில் அவ்வண்டியைச் சிறிய லொறியொன்றில் ஏற்றினார்கள். விளக்கும் இலக்கத் தகடும் நீங்கிய வண்டி வீதியில் ஓடுவதற்குரிய உரிமையையும் இழந்தது. அதன் சொந்தக்காரர் தமது ஸ்கூட்டரிற் புறப்பட்டார். மிக மெதுவாகச் சென்றார். “வீதியில் எனக்கு இனி அவசரமில்லை, ஐயா. வேகம் வேண்டுமானால் இங்கே வருவேன்,” என்றார்.

நமது ஊர்களில் மாலை வேளைகளில் இளைஞர் பிரதான வீதிகளில் மோட்டார் சைக்கிளை விரட்டுவதைக் காண்கின்றோம். அவ்வாறு சென்று மீளாத பிள்ளைகளின் படங்களை மதில்களில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிகளிலும் காண்கின்றோம். வகுப்பறையில் வெறுமையான ஆசனத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவது ஆசிரியர்க்கு எளிதன்று. கண்டிக்கின்றோம், அறிவுரை கூறுகின்றோம், பொலிசார் தண்டமும் விதிக்கின்றனர். ஆனால், இளமைக்கு இயல்பான வேக வேட்கையை எங்கே கொண்டுசென்று தீர்ப்பது என்று எவரும் கூறுவதில்லை.

நம்மிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. நம் கராஜ்களில் மூலையிற் கிடக்கும் பழைய வண்டிகளும் அனந்தம். இல்லாதது களம் ஒன்றே. மூடிய ஒரு பாதை, கொடி பிடிக்க நால்வர், கண்டிப்பான ஓர் ஆசிரியர், ஆயத்தமாய் ஒரு நோயாளர் வண்டி: இவ்வளவும் வாய்த்தால் ஒரு மாதத்தில் ஒரு நாளேனும் போதும். வேகத்தை அடக்க எண்ணுவோர் முதலில் அதற்கோர் இடம் கொடுத்துப் பார்ப்பார்களாக.