வலசையும் வாழிடமும்

இலங்கை மலைநாட்டுக் காடுகளில் உதிர்ந்த இலைகளைக் கிளறி இரை தேடும் பூங்குருவிகளுள் இரண்டு ஒப்புநோக்கத்தக்கவை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1840களில் இரண்டுக்கும் அறிவியற் பெயரிட்டவரும் ஒருவரே. கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராயிருந்த எட்வர்ட் பிளைத்.

புள்ளிச்சிறகுப் பூங்குருவி இலங்கைக்கே உரியது. முதுகு பழுப்பு, வெண்மார்பெங்கும் கரும்புள்ளிகள், சிறகில் இரு வரிசை வெண்புள்ளிகள். ஆணும் பெண்ணும் ஒத்த தோற்றத்தன. மற்றையது கருப்பு வெள்ளைப் பூங்குருவி. இதன் ஆணே அந்நிறங்களைக் கொண்டது. பெண் பழுப்பு நிறத்தது. இமயச் சரிவுகளிலே கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இம்மலைகளை நாடி வந்து, பின்னர் மீள்கிறது. நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் அதனைக் காணப் பறவை ஆர்வலர் காத்திருப்பர்.

ஆக, ஒன்றை உள்ளூர்ப் பறவை என்றும் மற்றதை வலசைப் பறவை என்றும் பிரிப்பது கூடு. இவ்வளவுகோலை ஊவாத் தோட்டங்களின் மனிதர்க்கும் பொருத்திப் பார்க்கலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பினர்; அவர்களது வாழ்வு வலசை வாழ்வே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அடுத்து வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். முதியோர் அம்மண்ணிலேயே அடங்கினர்.

ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. தேயிலை மலையிலேயே பிறந்து வளர்ந்தோர் பலர், தாம் கண்டிராத ஊர்களுக்குத் ‘தாயகம் திரும்புவோர்’ ஆயினர். அவர்களைத் தலைமன்னார்க் கப்பலுக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். நாடற்றோராய் எஞ்சியவருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

பறவை நூலார் ஒரு பூங்குருவியின் வாழிடத்தை அறிய அதன் கூட்டைத் தேடுவர். பூட்டனின் பிறப்பிடத்தை வினவுவதில்லை. அத்துணை எளிய நீதி லயத்து மனிதரை வந்தடைய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.